பாளையில் விளம்பிய கல்யாணச் சோறு

என் அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியிலிருந்து பாதிச் சோற்றில் எழுந்துபோனதற்கு முழுக் காரணம் நான்தான். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் உங்களைப் பிடித்து உட்கார வைத்து, கையில் ஒரு சாயாவைக் கொடுத்து, கதையைச் சொல்லத்தான் போகிறார்கள். அவர்கள் சொன்னால் நான் அழுத இடத்தை மட்டும் அரைமணி நேரம் நீட்டுவார்கள்.

அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. என்ஜினீயரிங் முடித்துவிட்டு, "வேலை கிடைச்சா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "நான் வேலை தேடல்ல, வேலை கொடுக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். (வண்டிக்குப் பெட்ரோல் அப்பாவின் ஹார்டுவேர் கடைக் கல்லாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அது வேறு விஷயம்.) கோயம்புத்தூரில் கிராமத்து இளைஞர்களைச் சமூகத் தொழில்முனைவோர் ஆக்குவதற்கு மூன்று நாள் முகாம் நடந்தது. போனேன். ஒரு சான்றிதழ், ஒரு துணிப்பை, யாராலும் இறக்கி வைக்க முடியாத அளவுக்குத் தன்னம்பிக்கை, மூன்றையும் தூக்கிக்கொண்டு நெய்யூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தேன்.

முகாமில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். தாளின் ஒரு பக்கத்தில் உங்கள் ஊரின் துன்பத்தை எழுதுங்கள், மறுபக்கத்தில் உங்கள் ஊரில் வீணாகும் பொருளை எழுதுங்கள், இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள் என்றார்கள். துன்பம் எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனையில் இருந்த அண்டி ஆபீஸை மூடிவிட்டார்கள். (முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். முந்திரிப் பாலில் கை பொத்துப்போகிற வேலை.) அங்கே இருந்த பெண்களில் எட்டுப் பேர் எங்கள் தெருக்காரர்கள். வீணாகும் பொருள் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கிடந்தது. கமுகு மரத்திலிருந்து கழன்று விழுகிற பாளை, அதாவது பாக்கு மட்டை. அதை மிஷினில் சூடாக அழுத்தினால் வட்டத் தட்டு. பிளாஸ்டிக் ஒழியும், எட்டு அடுப்பு எரியும். கோட்டைப் போட்டேன். அந்தக் கோடு அவ்வளவு நேராக விழுந்ததைப் பார்த்து எனக்கே புல்லரித்துவிட்டது.

பாளையைப் பறிக்க முடியாது. அதுவாகத்தான் விழ வேண்டும். காலையில் மழை விட்டபிறகு சாக்கை எடுத்துக்கொண்டு கமுகுத் தோப்புக்குள் போய்விடுவேன். ஈரத்தில் தோப்பு முழுக்கப் பச்சையாக ஒரு வெளிச்சம் இருக்கும். எங்கேயோ உயரத்தில் ஒரு பாளை காம்பு விட்டு, மற்ற ஓலைகளில் உரசி உரசி, அவசரமே இல்லாமல் இறங்கி வரும். அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கிற சுகத்தில் நான் அப்படியே டெல்லிக்குப் போய்விடுவேன். டெல்லியில் பெரிய மேடை. எனக்கு மயில்கழுத்து நிறத்தில் புடவை. "இந்த விருது எனக்கு அல்ல, என் எட்டு அக்காமாருக்கு" என்று ஆரம்பித்துக் கொஞ்சம் நிறுத்துவேன், கைதட்டலுக்கு. பேச்சு முடிந்து நான் மேடையை விட்டு இறங்கும்போது சாக்கு நிறைந்திருக்கும். நிறைத்தவள் ஜெனி.

ஜெனி கடியப்பட்டணத்துக்காரி. என்னோடு கல்லூரியில் படித்தவள், இந்தத் தொழிலில் எனக்குப் பங்காளி. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். விடிந்ததும் மீன் ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கனவு காணவெல்லாம் நேரம் கிடையாது. "ஏட்டி சுபா, முழிச்சிருக்கியா?" என்பாள். "இருக்கேன்." "அப்போ சாக்கப் பிடி." எங்கள் நிறுவனத்தின் நிர்வாகக் கூட்டம் பெரும்பாலும் இந்த அளவில் முடிந்துவிடும்.

பழைய அண்டி ஆபீஸின் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து மிஷினைப் போட்டோம். முதல் நாள் எட்டுப் பேரையும் உட்கார வைத்துப் பாளையின் பெருமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். எட்டுப் பேருக்கும் வாய் ராஜம்மக்காதான். நாற்பது வயது, புருஷன் இல்லை, பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் நல்லதுதான் பிள்ளே. ஆனா இது பாளைல்லா? நம்ம பக்கத்துல இதுல யாரு சோறு திங்குவா?"

அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை. "அக்கா, நீங்க பழைய ஆளுகளுக்க மாதிரிப் பேசப்பிடாது. கோயம்புத்தூர்ல, பெங்களூர்ல எல்லாரும் இதுலதான் திங்குறாவ" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். பாவம், இந்தப் பிள்ளை கெட்டுத்தான் தெளியும் என்று தலையாட்டியிருக்கிறாள்.

தட்டு அழகாகத்தான் வந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. இரண்டு மாதத்தில் கடைத் திறப்புவிழா ஒன்று, பிறந்தநாள் ஒன்று, அவ்வளவுதான். ஒருநாள் ராஜம்மக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கேரளத்துல இறால் உரிக்கிற கம்பெனியில ஆள் எடுக்காவ பிள்ளே. அங்கேயே தங்கணும். நாங்க எட்டுப் பேரும் பேரு கொடுக்கலாம்னு இருக்கோம்."

"உங்களுக்க மவ?"

"சித்தி வீட்டுல விடணும். பத்தாங்கிளாசுல்லா, அதுதான் மனசு கேக்கல்ல."

அன்றைக்கு நான் டெல்லிக்குப் போகவில்லை. உண்மையிலேயே பயந்துபோனேன். என்னை நம்பி வந்த எட்டுப் பேர் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள். அன்று சாயங்காலமே ஜெனியும் நானும் எங்கள் பக்கத்தில் பெரிய கல்யாணங்களுக்கெல்லாம் சமைக்கிற காண்டிராக்டர் ஒருவரைப் போய்ப் பிடித்தோம். அவர் தட்டைத் தட்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். "ஒரு கல்யாணத்துல வச்சுக் காட்டு மக்கா. ஆளுக முகஞ்சுளிக்காமச் சாப்பிட்டு எழும்பினா, பொறவு எனக்க எல்லாக் கல்யாணத்துக்கும் உனக்க தட்டுதான்" என்றார். அடுத்து அவர் சமைக்க ஒத்துக்கொண்டிருந்த கல்யாணம், என் லதா அக்காவுடையது.

அப்பாவிடம் கேட்டேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாணப் பந்திக்கு வாழையிலைதான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க களியக்காவிளை ஆளுக. முறை தப்பினா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாவ. வேணும்னா கடைசிப் பந்தியில, நம்ம ஆளுக சாப்பிடும்போது, உனக்க தட்ட வச்சுக்க."

கடைசிப் பந்தி சாப்பிடுவது வேலை செய்து களைத்த சொந்தக்காரர்கள். அவர்கள் காகிதத்தில் போட்டாலும் சாப்பிடுவார்கள். அதைப் பார்த்து எந்தக் காண்டிராக்டர் மயங்குவார்? அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவின் போனிலிருந்தே இலைக்காரரைக் கூப்பிட்டு, "கடையிலேர்ந்து பேசுறேன், இலை வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். (இப்போதுகூட இதை எழுதும்போது வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.)

ஐப்பசி மழை விடவே இல்லை. ஊறவைத்துக் கழுவிய பாளை காயவே மாட்டேன் என்றது. ராஜம்மக்கா, "ஈரம் இருக்கு பிள்ளே, வாடை அடிக்கும்" என்றாள். மிஷின் சூட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். இரவு பகலாக அழுத்தித் தள்ளினோம். கல்யாணத்தன்று காலையில் எட்டுப் பேரும் கையில் இருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, மண்டபத்துச் சாப்பாட்டு அறையில் ஒவ்வொரு தட்டாகத் துடைத்து வைத்தார்கள். இலை எங்கே என்று அப்பா தேட ஆரம்பிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பிரம்பு இருந்தது.

ஆனால் பந்தி அழகாக இருந்தது. அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. மழை இருட்டுக்குள் வரிசை வரிசையாக இளம்பழுப்புத் தட்டுகள். உப்பேரி வந்தது, இஞ்சிப் பச்சடி வந்தது, அவியல், எரிசேரி, துவரன். பெண்கள் தட்டை விரலால் தடவிப் பார்த்து, "எங்க வாங்கினது? நல்லா இருக்கே!" என்றார்கள். காண்டிராக்டர் சமையல்கட்டு வாசலில் நின்று எனக்கு ஒரு கட்டைவிரலைக் காட்டினார். நான் மயில்கழுத்துப் புடவையில் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். சோறும் பருப்பும் விளம்பினார்கள். பிறகு கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் வந்தது.

சுடுகிற எதையும் பாளையில் ஊற்றினால் ஒரு மணம் எழும்பும். நனைந்த நார், கொஞ்சம் மண், கொஞ்சம் பால்வாடை. ஈரம் காயாத பாளையில் அது பத்து மடங்கு. இருநூறு தட்டிலிருந்து அது ஒரே நேரத்தில் எழும்பி, மழைக்காக ஜன்னல் அடைத்திருந்த அறைக்குள் நிறைந்தது. பேச்சு மெல்ல மெல்ல அடங்கிற்று. பிசைந்த கைகள் பிசைந்தபடி நின்றன. எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு யோசனை. அறிந்த மணம்தான், எங்கேயோ வைத்து, எப்போதோ. ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். பக்கத்தில் இருந்தவள் தன்னையறியாமல் சிரித்தாள். கூட்டம் முழுவதும் தூக்கத்தில் சிரிக்கிற பிள்ளையைப் போல் இருந்தது. நான்கூட ஒரு நொடி அந்த மயக்கத்தில் நின்றேன்.

முதலில் முழித்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஹாரன் வேலை செய்யாத நாட்களில் குரலையே வைத்து வண்டி ஓட்டினார் என்று சொல்வார்கள்.

"அட! இது பாளைல்லா! பிள்ளையக் குளிப்பாட்டுற பாளை!" என்றார். அவருக்குக் கோபமே இல்லை, அவ்வளவு சந்தோஷம். "எனக்க வீட்டுக்காரிக்கு உடம்புக்கு முடியாததுனால அஞ்சு பிள்ளையளையும் நான்லா குளிப்பாட்டினேன்! பாளையில கிடத்தி, எண்ணெய் தேச்சு, இளஞ்சூட்டுல வெள்ளம் விட்டா இதே மணம்! அஞ்சும் வெள்ளம் மேல விழுந்த உடனே ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் இதுலதான் போகும், பாத்துக்கிடுங்க!"

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையைப் பாளையில் கிடத்தித்தான் குளிப்பாட்டுவார்கள். வழுக்காது, உறுத்தாது. என்னையும் அப்படித்தான் குளிப்பாட்டினார்கள். ராஜம்மக்கா அன்றைக்குக் கேட்டது இதைத்தான். ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரிந்த இந்த விஷயம், கோயம்புத்தூரில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்த எனக்கு மட்டும் மறந்துபோயிற்று.

மாமா பேசி முடித்தபிறகு அந்த அறையில் எழுந்த "அய்யே!" இன்னும் என் காதில் கேட்கிறது. ஒரு கிழவர் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னையே பார்த்தார். ஒருவர் எழுந்தார். அவர் பெண்டாட்டி எழுந்தாள். பிறகு வரிசையே எழுந்தது. கல்யாணப் பந்தியில் பாதியில் எழுவது என்பது சாதாரண விஷயம் இல்லை. அதற்காகப் பேச்சுவார்த்தை அறுந்து மூன்று தலைமுறை முகம் பார்க்காத வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. நடு வரிசையில் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த லதா அக்கா, மாலைக்கு மேலே முகத்தைத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏட்டி, எனக்கு இன்னைக்குத்தான் கல்யாணம்னு உனக்குத் தெரியுமா?"

காண்டிராக்டர் கட்டைவிரலை எப்போதோ மடக்கிவிட்டார். "இனி உனக்க தட்டு நான் சமைக்கிற மண்டபத்து வாசல்ல ஏறப்பிடாது, கேட்டியா?" என்றார். நான் என்ன செய்தேன் என்றால், சாமான் அறைக்குள் ஓடி, அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். தலைமைப் பண்பு பற்றி முகாமில் ஒரு முழு மதியம் பாடம் நடந்தது. அதில் அரிசி மூட்டை வரவில்லை.

வெளியே நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. ஜெனி பட்டுப்பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு வெட்டுகத்தியோடு பக்கத்து வாழைத்தோட்டத்து விளைக்குள் இறங்கியிருக்கிறாள். பின்னாலேயே என் சித்தப்பாமார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. மழையில் சறுக்கிச் சறுக்கி வாழையிலை வெட்டியிருக்கிறார்கள். விளைக்காரர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தவர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்து, அவரும் நாலு இலை வெட்டிக் கொடுத்துவிட்டு, அப்படியே பந்தியிலும் உட்கார்ந்துவிட்டார். அப்பா மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "எனக்க மவ தெரியாமச் செஞ்சிட்டா" என்று கெஞ்சியிருக்கிறார். அதை நினைத்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வராது.

இத்தனை கலவரத்திலும் எழாமல் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர். தாய்மாமா. அவர் பாட்டுக்குச் சாம்பார் சோற்றைப் பிசைந்து பிசைந்து, கண் எங்கேயோ இருக்க, தட்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். முடித்ததும் எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்ற ராஜம்மக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். (அவர் மெதுவாகக் கேட்டது அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்த எனக்கும் கேட்டது.)

"பிள்ளே, வெட்டாத முழுப் பாளை இருக்கா? எனக்க கடைக்குட்டி மவளுக்கு வயித்துல இது எட்டாம் மாசம். எங்க பக்கம் கமுகெல்லாம் போச்சு, எங்க பாத்தாலும் ரப்பர். பிளாஸ்டிக் தொட்டியில வச்சா பிள்ளை வழுக்கிடும்னு எனக்குப் பயமா இருக்கு."

ராஜம்மக்கா எந்த முகாமுக்கும் போனதில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இருக்கு மாமா. ஓரம் சீவி, கழுவி, காயவச்சு, களியக்காவிளைக்கே கொண்டு தாறேன். எத்தனை வேணும்?"

"ஒண்ணு கிழிஞ்சா மாத்த இன்னொண்ணும் வேணும்லா? ரெண்டு."

பக்கத்தில் புது இலைக்காகக் காத்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எனக்க மருமவளுக்குத் தையில. எனக்கும் ஒண்ணு எடுத்து வையி" என்று ஒருத்தி. "துபாய்க்குக் கொண்டு போலாமா? பெட்டியில கொள்ளுமா?" என்று இன்னொருத்தி. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் அய்யே என்று எழுந்தவர்கள்தான். நான் அழுது முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, ராஜம்மக்கா ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தாள். "பிள்ளே, துபாய்க்கு மடக்காம எப்படி அனுப்பலாம்னு நீதான் யோசிக்கணும். நீதானே படிச்சவ" என்றாள். அந்த நேரத்தில் யாராவது எனக்கு ஒரு வேலை கொடுத்தார்களே என்று மறுபடியும் அழுகை வந்தது.

தட்டு அச்சுகளைக் கழற்றிவிட்டோம். அதே மிஷினில் மெல்லிய சூட்டில் பாளையை வளைத்து, ஓரத்தில் பருத்தித்துணி தைத்து, பிள்ளை குளிப்பாட்டுகிற பாளை செய்கிறோம். எட்டுப் பேரும் இறால் உரிக்கப் போகவில்லை. அதே அண்டி ஆபீஸில்தான் இருக்கிறார்கள். ராஜம்மக்கா மகள் பத்தாங்கிளாஸ் எழுதி, நர்சிங் படித்து, எங்கள் பாளையைப் பற்றி ஒவ்வொரு பிரசவ வார்டிலும் பேசுகிறாள். லதா அக்கா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். அவளுக்குப் பெண் பிறந்தபோது அத்தான் என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு அனுப்பு, சோறு போடாம அனுப்பு" என்றார்.

ஆனால் எங்கள் குடும்பம் எதையும் சும்மா விடுகிற குடும்பம் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்திலும், பந்தியில் இலை போட்டவுடன், எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒன்றுபோல இலையை இரண்டு கையாலும் தூக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே, மோந்து பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்கள். ஆரம்பித்து வைத்தவர் அத்தான். தாய்மாமா ரொம்பச் சிரத்தையாக இரண்டு தடவை மோப்பார்.

என் கல்யாணத்திலும் செய்தார்கள். என் கணவர் வீடு திருச்சிப் பக்கம். அவர்களுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கத்து ஆட்கள் நூறு பேர் பயபக்தியோடு இலையைத் தூக்கி மோப்பதைப் பார்த்துவிட்டு, பெண் வீட்டு முறை போலிருக்கிறது என்று அவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கி மோந்தார்கள். என் மாமனார் கண்ணைக்கூட மூடிக்கொண்டார். எடுத்துச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். லதா அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

போன மாதம் திருச்சியில் என் கணவரின் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். பந்தி முழுவதும் இலையைத் தூக்கிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் திகைத்துப்போய் இது என்ன என்று கேட்டார். "எங்க மருமக வந்த பிறகு வந்த முறைங்க. ரொம்ப விசேஷம்" என்று என் மாமியார் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெரியவரும் தூக்கினார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் தூக்கி மோந்தேன்.